காயம்பட்ட காட்டுயிரோடு எங்கே போவது? திருகோணமலை நகரின் மிருக வைத்திய நிலையம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

திருகோணமலை நகரில் நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி போட இடங்கள் உண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகம் உண்டு. ஆனால் காற்றில் கூடு சரிந்து விழுந்த அணில் குட்டியையோ, மோட்டார் சைக்கிள் ஏறி ஓடு வெடித்த ஆமையையோ கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு எந்த வாசலில் போய்த் தட்டுவது என்று தெரிவதில்லை. பெரும்பாலானோர் அயலவரிடம் கேட்டு, அயலவர் சொன்ன பாலையோ மஞ்சளையோ கொடுத்துப் பார்த்து, விலங்கு சுருண்டு விழுந்த பிறகே வைத்தியரைத் தேடுகிறார்கள். அப்படித் தேடுபவர்களைத் திருப்பி அனுப்பாத ஒரு தனியார் மிருக வைத்திய நிலையம் நகருக்குள் இயங்கி வருகிறது. அதன் சேவை எந்த அளவுக்குப் பயன்படுகிறது, எங்கே போதாமல் இருக்கிறது என்பதை, அங்கே நாய்க்காகவும் வேறு உயிர்களுக்காகவும் போய்வந்த ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நிலையத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு. அங்குள்ள வைத்தியர் காட்டு விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் நிலையம் நடத்தவில்லை. அதற்கான அனுமதியும் தமக்கு இல்லை என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார். அவர் செய்வது முதலுதவியும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிப்பதும் மட்டுமே. பெயர் பரவினால், பெட்டியைப் படியில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போகிறவர்கள் கூடிவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. அது ஏற்கெனவே நடந்திருக்கிறது. நகரவாசிகளுக்கு விசாரித்து அறிவது கடினமல்ல.

இடம் சிறியது. முன்பக்கம் நாய்த்தீனும் கழுத்துப்பட்டியும் உண்ணி மருந்தும் விற்கும் கடை. அதன் பின்னால் துருப்பிடிக்காத உருக்கு மேசை போட்ட ஒரே ஒரு பரிசோதனை அறை. இரண்டுக்கும் நடுவே நான்கு பேர் நெருக்கியடித்து உட்காரக்கூடிய வாங்கு. உள்ளே நுழைந்ததும் முகப்பு மேசையில் இருக்கும் உதவியாளர்ப் பெண் என்ன விலங்கு என்று கேட்பதில்லை. "உங்களுக்கு யாருக்காவது கடிச்சதா, கீறினதா?" என்பதுதான் முதற் கேள்வி. காட்டு விலங்கைக் கொண்டுவருபவர் எவரானாலும் இதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. ஒரு தாய் தன் மகனின் விரலில் இருந்த சின்னக் கீறலை மறைக்கப் பார்த்ததையும், உதவியாளர் பொறுமையாகப் பையனின் கையை வாங்கிப் பார்த்து, சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவச் சொல்லி, அங்கிருந்தே பொது வைத்தியசாலைக்கு அனுப்பியதையும் கண்டிருக்கிறேன். அந்தப் பையன் பிடித்தது ஒரு கீரிக் குட்டி. விசர்நாய்க்கடி நோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. கீரி, நரி, மரநாய் ஆகியவையும் அதைக் கடத்தக்கூடியவை. நோயின் அறிகுறி மனிதரில் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது என்பதால், அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் தடுப்பூசியைத் தாமதிக்காமல் போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. விலங்கின் மீது இரக்கம் கொண்டு வருபவரின் உடம்பை முதலில் கவனிக்கும் இந்த ஒழுங்கு, எனக்குத் தெரிந்தவரை, நகரில் வேறெங்கும் இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுவதில்லை.

அடுத்த கேள்விகளும் அதே வரிசையில்தான் வரும்: எங்கே எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, தாய் பக்கத்தில் இருந்ததா, வாயில் என்ன கொடுத்தீர்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை பால்மா. பதிலைக் கேட்டு உதவியாளர் முகம் சுளிப்பதில்லை, அதட்டுவதுமில்லை, கொப்பியில் எழுதிக்கொள்கிறார். எடுத்த இடத்தை வீதியின் பெயர், மரம், மதில் என்று இவ்வளவு நுணுக்கமாக ஏன் கேட்கிறார் என்று முதலில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. திரும்ப விடும்போது அதே இடத்தில், அதே கூட்டத்தோடு விட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குறிப்பு.

வாங்குக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் தாள் இந்த நிலையத்தின் தனிச்சிறப்பு. அதன் பிரதி ஒன்றைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். பிரித்தானியாவில் குடியேறிய இவ்வூர்க்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த, வீட்டுத் தோட்டத்தில் காணப்படும் முள்ளெலிக்கு உதவுவது எப்படி என்ற துண்டுப்பிரசுரத்தை முன்மாதிரியாக வைத்து வைத்தியர் எழுதியது அது. இலங்கையில் முள்ளெலி கிடையாது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் ஒரு வகை உண்டு. கக்குவான் இருமலுக்கு மருந்தென்று அதன் முள்ளையும் தோலையும் தேடுபவர்களால் அது படாதபாடு படுகிறது. நம் காணிகளில் மரவள்ளியையும் தென்னங்கன்றையும் தோண்டித் தின்னும் முள்ளம்பன்றி அணிலுக்கும் எலிக்கும் உறவான கொறித்துண்ணி. முள்ளெலியோ மூஞ்சூற்றுக்கு நெருங்கிய, வண்டும் புழுவும் தின்னும் சிறிய உயிர். எனவே திருகோணமலையில் எவரும் முள்ளெலியைக் கண்டெடுக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் அந்தப் பிரசுரத்தைத் தெரிவு செய்ததில் வைத்தியரின் விவேகம் தெரிகிறது. ஏனென்றால், சாதாரணக் குடும்பத்தவர் தம் வீட்டு முற்றத்தில் கண்ட காட்டுயிருக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை, பிரித்தானியாவில் முள்ளெலிக்காக யோசித்த அளவுக்கு மற்றச் சிற்றுயிர்கள் பலவற்றுக்காக யோசித்ததில்லை. அங்கே அதற்கென்றே ஒரு பாதுகாப்புச் சங்கம் 1982 இல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. 2020 இல் வெளியான பிரித்தானியப் பாலூட்டிகளின் சிவப்புப் பட்டியலில் முள்ளெலி அழியும் ஆபத்துக்குள்ளானவற்றில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

மூலப் பிரசுரத்தை வைத்தியர் ஒரு நாள் எடுத்துக் காட்டினார். முள்ளெலி இரவில் நடமாடுவது; பகல் வெளிச்சத்தில் அது வெட்டவெளியில் தள்ளாடினாலோ படுத்துக் கிடந்தாலோ பெரும்பாலும் ஏதோ கோளாறு என்று அது தொடங்குகிறது. கோடையில் கூட்டுக்குச் சருகு சேர்க்கும் தாய், பகலில் சுறுசுறுப்பாக ஓடித் திரியலாம். அதைத் தொடக்கூடாது என்ற விலக்கும் உடனேயே சொல்லப்படுகிறது. பிறகு தடித்த கையுறை, உயரமான பக்கங்கள் உள்ள மட்டைப் பெட்டி, ஒளிந்துகொள்ள ஒரு துவாய், துவாய் சுற்றிய வெந்நீர்ப் போத்தல், ஆழமில்லாத தட்டில் தண்ணீர். உடல் குளிர்ந்திருக்கும்போது உணவு கொடுக்கக் கூடாது. சூடேறிய பிறகு இறைச்சி சேர்ந்த பூனைத்தீனோ நாய்த்தீனோ கொடுக்கலாம். பாலும் பாணும் வைப்பது அந்நாட்டில் பழைய வழக்கம். பசுப்பாலைச் செரிக்க முள்ளெலியால் முடியாது, வயிற்றோட்டம் பிடித்து இறக்கும் என்று தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறது. குளிர்காலத்துக்குமுன் குறைந்தது 450 கிராம் எடையாவது இல்லாத குட்டி நீண்ட உறக்கத்தைத் தாங்காது என்பதும், காயத்தில் ஈ முட்டையிட்டிருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும் என்பதும், எல்லாவற்றுக்கும் முதலில் பயிற்சி பெற்ற ஒருவருக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இதிலிருந்து எதை வைத்துக்கொண்டார், எதை நீக்கினார் என்பதில்தான் இந்தத் தாளின் மதிப்பு இருக்கிறது. பெட்டி, துவாய், இருட்டு, அமைதி, பால் வேண்டாம் என்ற ஐந்தும் அப்படியே இருக்கின்றன. எடையும் உறக்கமும் போய்விட்டன; இங்கே உறைபனி ஏது. பகலில் கண்டால் கோளாறு என்ற விதியை அவர் விலங்குக்கு விலங்கு பிரித்திருக்கிறார்: தேவாங்கு, மரநாய், அழுங்கு (எறும்புதின்னி), முள்ளம்பன்றி ஆகியவை நண்பகலில் வேலியிலோ வீதியோரத்திலோ அசையாமல் இருந்தால் உதவி தேவைப்படலாம், அணிலும் கீரியும் உடும்பும் பகலில் திரிபவை, அவற்றைக் கண்டதும் பிடிக்க ஓட வேண்டாம். பறக்கப் பழகும் குஞ்சு தரையில் தத்தித் திரிந்தால், நாயையும் பூனையையும் கட்டிவைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தாய் மரத்தில்தான் இருக்கும் என்று ஒரு வரி. மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை குஞ்சைக் கைவிடும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் தவறு, எட்டக்கூடிய கூடானால் எடுத்து வைத்துவிடலாம் என்று இன்னொரு வரி. அழுங்கு பந்தாகச் சுருண்டிருந்தால் விரித்துப் பார்க்க முயலக் கூடாது. அப்படியே பெட்டியை அதன்மேல் கவிழ்த்து மூடிவிட்டு அழைக்க வேண்டும். உலகிலேயே அதிகமாகக் கடத்தப்படும் பாலூட்டிகளில் ஒன்று என்பதால், அழுங்கைக் கண்ட செய்தியை முகநூலில் போடாதீர்கள் என்றும் சேர்த்திருக்கிறார். இந்த வரியை நான் வேறெந்த அறிவித்தலிலும் கண்டதில்லை.

ஆனால் வெந்நீர்ப் போத்தல் விடயத்தில் தாள் தடுமாறுகிறது. "சூடாக வைக்கவும்" என்று பொதுவாக எழுதியிருப்பது மாரி மழையில் நனைந்து விறைத்த குட்டிக்குச் சரி. கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில், தகரக் கூரைக்குக் கீழே, நீர் வற்றிப்போன ஒரு பெரிய விலங்குக்கு அதே சூடு ஆபத்தானது. நம்மூரில் ஆண்டில் பாதிக்கு மேல் ஆபத்து குளிரால் அல்ல, வெப்பத்தால்தான் வருகிறது. முச்சக்கர வண்டியின் பின்பக்கத்திலோ, வெயிலில் நிறுத்திய வானிலோ மூடிய பெட்டி எவ்வளவு விரைவாகச் சூடாகும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் தாளில் இல்லை. இதைச் சொன்னபோது வைத்தியர் ஏற்றுக்கொண்டார். அடுத்த பதிப்பில் மாற்றுவதாகச் சொன்னார். நான் கடைசியாகப் பார்த்தபோதும் பழைய தாள்தான் ஒட்டியிருந்தது.

சிகிச்சை முறையை அருகிலிருந்து பார்க்க வாய்த்தது நட்சத்திர ஆமை ஒன்றின் பொருட்டு. நிலாவெளி வீதியில் மீன் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர், மீன் கொண்டுபோகும் றெஜிஃபோம் பெட்டியைக் கழுவி, அதில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் அந்த ஆமையின் வலப்பக்க விளிம்பு, சக்கரம் ஏறியதால் பிளந்து, பிளவுக்குள் மணலும் தாரும் அப்பியிருந்தன. வைத்தியர் இளஞ்சூடான சேலைனை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துப் பிளவில் மெல்லப் பாய்ச்சினார். மணல் கரைந்து வழிய வழியத் துடைத்தார். மிஞ்சியதைக் கவ்வியால் ஒவ்வொன்றாக எடுத்தார். பிளவின் உட்புறத்தில் அரிசிக் குறுணை போல ஒட்டியிருந்த ஈ முட்டைகளைக் கண்டதும் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கை எடுத்து வரச் சொன்னார்; சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் அவை தெளிவாகத் தெரியுமாம். அவற்றை எடுத்து முடிக்கவே நீண்ட நேரம் பிடித்தது. வெளியே இரண்டு நாய்களோடு காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் தலை நிமிரவில்லை.

பெரியவர், ஓட்டைப் பசை போட்டு ஒட்டிவிட முடியாதா என்று கேட்டார். பலரும் கேட்கும் கேள்விதான். ஓடு செத்த பொருள் அல்ல, மேலே நகம் போன்ற தகடும் அதன் கீழே உயிருள்ள எலும்புமாக உடம்போடு சேர்ந்தது, அழுக்கை உள்ளே வைத்து ஒட்டினால் சீழ் உள்ளேயே பெருகும் என்று வைத்தியர் விளக்கினார். சரி, காயம் ஆறும்வரை என் கிணற்றில் விடட்டுமா, தண்ணீரும் சுத்தமாகும் என்றார் பெரியவர். "ஐயா, இது தரை ஆமை. கிணத்தில போட்டா மூழ்கிச் செத்துப்போகும். கிணத்தில கிடக்கிறது வேற சாதி" என்றார் வைத்தியர். பெரியவர் சற்று நேரம் ஆமையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியென்றால் போன வருடம் தம் மருமகன் கிணற்றில் போட்டது எதுவோ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். ஈரத் துணி வைத்துக் கட்டி, வெறும் தாள் விரித்த பெட்டியில் ஆமை வைக்கப்பட்டது. மறுநாள் திணைக்கள அலுவலர் வந்து எடுத்துச் சென்றார். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 2019 இல் அதன் சர்வதேச வணிகமும் முற்றாகத் தடை செய்யப்பட்டது. பெரியவரிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. காட்டு விலங்குக்குக் கட்டணம் கிடையாது. முகப்பு மேசையில் ஒரு பேணி இருக்கிறது, விரும்பியவர் போடலாம். காயமில்லாத ஆமை வீதியைக் கடப்பதைக் கண்டால், அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே மறுகரையில் விட்டால் போதும், தூக்கிக்கொண்டு இங்கே வர வேண்டாம் என்பதையும் அவர் பெரியவரிடம் சொல்லியனுப்பினார்.

அணில் குட்டிகள்தான் இங்கே அதிகம் வருகின்றன. தென்னோலை வெட்டும்போதும், காற்றுக் காலத்திலும் கூட்டோடு விழுபவை. கூடும் குட்டியும் சேர்ந்து கிடைத்தால் அதே மரத்தடியில் ஒரு சிறு கூடையில் வைத்துக் கட்டிவிட்டு, சில மணி நேரம் விலகி நின்று தாய் வந்து கவ்விக்கொண்டு போகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். வரவில்லை என்று உறுதியான பிறகே மிச்சமெல்லாம். கண் திறவாத குட்டிக்கு ஊட்டும் முறையைச் செய்து காட்டுவது உதவியாளர். முதலில் உள்ளங்கையில் வைத்து உடல் சூட்டைக் கொண்டுவருகிறார். பிறகு பூனைக்குட்டிகளுக்கான மாற்றுப்பாலை வெதுவெதுப்பாகக் கரைத்து, ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சில் எடுத்து, குட்டியை வயிறு கீழே இருக்கும்படி துவாயில் கிடத்தி, உதட்டோரத்தில் ஒரு துளி வைத்து, அது நக்கி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த துளியை வைக்கிறார். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் பிடித்துச் சாகும். வீட்டில் இறக்கும் குட்டிகளில் பல இப்படித்தான் இறக்கின்றன. ஊட்டி முடிந்ததும் ஈரப் பஞ்சால் பின்புறத்தை மெதுவாகத் தடவிச் சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது, இல்லாவிட்டால் குட்டியால் தானாகக் கழிக்க முடியாது. கேட்பவரையே செய்யச் சொல்லி, கை நடுக்கம் தீரும்வரை பக்கத்தில் நிற்கிறார். இந்தப் பயிற்சிக்காக மட்டுமே இங்கே வரலாம் என்று சொல்வேன்.

அந்த மாற்றுப்பாலின் விற்பனையில்தான் ஒரு குறை. முழுப் பேணியின் விலை எவருக்கும் கட்டுப்படியாகாது என்பதால் சிறு பொதிகளாகப் பிரித்து விற்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பொதியில் பெயரும் இல்லை, எப்போது திறந்த பேணி என்ற திகதியும் இல்லை, எவ்வளவு நீருக்கு எவ்வளவு மா என்ற அளவும் இல்லை. கடலோர ஈரப்பதத்தில் மா விரைவில் கட்டிபடும். எனக்குக் கிடைத்த பொதி கட்டிபட்டே இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது மறுபேச்சின்றி வேறு பொதி தந்தார்கள் என்பது வேறு. திகதி எழுதிய ஒரு சின்னத் தாளை உள்ளே போட எவ்வளவு செலவாகிவிடும்?

மான் விடயத்தில் இந்த நிலையம் வேண்டுமென்றே கையை விரிக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோவில் வழியிலும் புள்ளிமான்கள் மனிதரோடு பழகித் திரிவதை ஊரறியும். யாத்திரிகர் கொடுக்கும் வாழைப்பழத்தோடு பொலித்தீனையும் சேர்த்து விழுங்குவதையும், கட்டாக்காலி நாய்கள் கடித்துக் குதறுவதையும் ஊரறியும். காயம்பட்ட மானுக்காக அழைப்பவர்களிடம் வைத்தியர் தாம் வரமாட்டேன் என்கிறார். இதைக் கேட்டுக் கோபப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கோபமும் புரிகிறது. ஆயினும் அவர் தரப்பு நியாயம் உறுதியானது. மானைத் துரத்திப் பிடித்தால், பயத்திலும் ஓட்டத்திலும் அதன் தசைகள் சிதைந்து, பிடித்த காயமே இல்லாமல் மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழித்து இறந்துவிடும். மயக்க மருந்தும் அதைச் செலுத்தும் துப்பாக்கியும் பயிற்சியும் இல்லாமல் அதை அணுகக் கூடாது. அவை திணைக்களத்தின் வனவிலங்கு வைத்தியர்களிடம்தான் இருக்கின்றன. எனவே அவர் தொலைபேசியிலேயே சொல்வது இவ்வளவுதான்: கூட்டத்தை விலக்குங்கள், நாய்களை விரட்டுங்கள், விழுந்து கிடந்து எழ முடியாத மானானால் கண்ணை ஒரு துணியால் மூடுங்கள், தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். வலையில் சிக்கிக் கரையொதுங்கும் கடலாமைக்கும் கிட்டத்தட்ட இதுவே பதில். நிழலில் வைத்து முதுகு ஓட்டின்மேல் ஈரச்சாக்கைப் போர்த்த வேண்டும், மிதந்துகொண்டு முக்குளிக்க முடியாமல் இருப்பதை மறுபடி கடலுக்குத் தள்ளிவிடக் கூடாது. முடியாததை முடியாது என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவதால், அழைப்பவருக்கு வேறு வழி தேட நேரம் மிஞ்சுகிறது. சேவை என்று பார்த்தால் இதுவும் ஒரு சேவைதான்.

குறைகளில் பெரியது காத்திருக்கும் இடம். குரைக்கும் நாயிலிருந்து இரண்டடி தூரத்தில், நடுங்கும் தேவாங்கை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்க நேர்கிறது. இருட்டும் அமைதியும் வேண்டும் என்று தாளில் எழுதியவர், தம் வாங்கில் அதைக் கொடுக்க முடியாமல் இருக்கிறார். பின்கதவு வழியாகச் சிறு களஞ்சிய அறையில் பெட்டியை வைக்க அனுமதிப்பார்கள். ஆனால் அது கேட்டால்தான் தெரியும், அறிவித்தல் எதுவும் இல்லை. காட்டு விலங்கோடு வருபவர் வரிசையில் நில்லாமல் உள்ளே போவதால் மற்றவர்களோடு வாக்குவாதமும் வருகிறது; ஒரு சிறு பலகை இதையும் தீர்த்துவிடும். எக்ஸ்றே வசதி இல்லை என்பதால் எலும்பு முறிவைக் கையால் தடவித்தான் கணிக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும், பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களிலும் பூட்டு. இரவு ஏழு மணிக்குமேல் தொலைபேசி எடுக்கப்படுவதில்லை; இரவில் திரியும் விலங்குகள் வாகனத்தில் அடிபடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

சுவர்த்தாள் தமிழில் மட்டும் இருப்பதும் இந்நகருக்குப் பொருந்தாது. வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்களச் சகோதரர் ஒருவருக்கு உதவியாளர் முழுத் தாளையும் வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொன்னார். கந்தளாய்ப் பக்கத்திலிருந்து கம்பிச் சுருக்கில் கால் அறுபட்ட முள்ளம்பன்றிக் குட்டியை அவர் கொண்டுவந்திருந்தார். முள்ளம்பன்றி முள்ளை எய்யும் என்று நம்பி, அதைக் கோழிக் கூட்டோடு தகரத்தால் சுற்றி, காற்றுப் போக வழியில்லாமல் அடைத்திருந்தார். முள் தொட்டால் குத்தித் தங்கிவிடுமே தவிரப் பறந்து வராது என்று சொல்லித் தகரத்தை அகற்றியதும் குட்டி மூச்சு வாங்கியதைப் பார்க்க வேண்டும். சிங்களத்தில் ஒரு தாள் இருந்திருந்தால், அதை அவர் ஊரில் எவராவது முன்பே வாசித்திருக்கக்கூடும்.

இவற்றோடு, பரவலாக அறியப்படாத ஒரு வசதியும் இங்கே உண்டு. பக்கங்களில் துளையிட்ட மரப்பெட்டிகளைத் திருப்பித் தரக்கூடிய முற்பணத்துக்கு இரவல் கொடுக்கிறார்கள். மூடி மேலிருந்து வழுக்கித் திறப்பதால், கையை உள்ளே விடாமலே விலங்கை இறக்கவும் ஏற்றவும் முடிகிறது; அடியில் விரித்த தாளை இழுத்து மாற்றச் சிறு பிளவும் வைத்திருக்கிறார்கள். கம்பிக் கூட்டில் மூக்கை உரசி உரசிக் காயப்படுத்திக்கொள்ளும் மரநாய்க்கும் கீரிக்கும் இதைவிடப் பொருத்தமான பெட்டியை நான் கண்டதில்லை. தச்சு வேலை சுத்தமானது. துளைகளின் உட்புறம்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறது. பழத்தோட்டம் வைத்திருப்பவர்களும் விடுதி நடத்துபவர்களும் ஒன்றை விலைக்கு வாங்கியே வைத்துக்கொள்ளலாம்; சொல்லிவைத்தால் செய்து தருகிறார்கள்.

போக விரும்புபவர்கள் காலை திறந்தவுடன் போவது நல்லது. மாலை ஐந்துக்குமேல் தடுப்பூசிக்கு வரும் நாய்களால் வாங்கு நிறைந்துவிடும். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து வருபவர்கள் புறப்படுமுன் கட்டாயம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வைத்தியர் சில முற்பகல்களில் பண்ணைகளுக்குப் போய்விடுகிறார். அந்த நேரத்தில் உதவியாளர் பெட்டியை வாங்கி வைப்பாரே தவிர மருந்து கொடுக்கமாட்டார். விலங்கை எடுத்த இடத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படமெடுத்துக்கொண்டு போனால், முகப்பு மேசையில் பாதிக் கேள்விகள் குறைந்துவிடும்.